திடுக்கு ஆகாத வீடு

எங்கள் குடும்பத்தில் தூங்குகிறவர்களைக் கூப்பிட்டு எழுப்பும் பழக்கம் கிடையாது. கால்மாட்டில் போய் நின்று, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக அமுக்க வேண்டும். கண் திறக்கும்வரை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பிறகுதான் நாம் வாயைத் திறக்கலாம். என்னை அம்மா அப்படித்தான் எழுப்பினார். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் வீடு வாங்கிக் குடிபோன வாரமே அழைப்பு மணியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் பஞ்சை அடைத்தார். தீபாவளிக்கு வரும் உறவுக்காரர்கள் இரும்புக் கேட்டை நகத்தால் சுரண்டுவார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் திருட வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

ஏன் என்று கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான்.

"நம்ம வீட்டுக்குத் திடுக்கு ஆகாது."

சில வீடுகளுக்கு அதிரசம் ஆகாது. சில வீடுகளுக்குக் கறுப்புச் சேலை ஆகாது. என்றைக்கோ ஒரு சாவு விழுந்தபோது அடுப்பில் இருந்தது எதுவோ, உடம்பில் இருந்தது எதுவோ, அது அந்தக் குடும்பத்துக்கே ஆகாமல் போய்விடும். எங்களுக்குச் சத்தம் ஆகாமல் போனது சித்தியால். அம்மாவின் ஒரே தங்கை. நான் அவரைப் பார்த்ததில்லை. புக்கிட் மேராவில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் புதிதாகத் தொலைபேசி வந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தி கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். வயது பத்தொன்பது. அந்த வீட்டில் தொலைபேசி முதல் தடவையாக மணி அடித்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து எடுத்தார். எதிர்முனையில் யாரும் பேசவில்லை. இரண்டு மூன்று தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு வைத்தார். திரும்பினால், சித்தி எழுந்திருக்கப் பார்த்தவர் போல ஒரு கையை ஊன்றியபடி, கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார்.

"யாரோ கூப்பிட்டாங்க, அவ போயிட்டா" என்பார் அம்மா. அதற்கு மேல் அந்தக் கதையில் ஒரு வரி கிடையாது. சின்ன வயதில் இதைக் கேட்டுவிட்டு நான் கழிவறைக்குக்கூடத் தனியாகப் போகமாட்டேன். பெரியவளான பிறகு எனக்கு எரிச்சல்தான் வந்தது. உயிரியல் படித்தேன், வேலைக்குப் போனேன், சம்பளம் வாங்கினேன். ஒரு டெலிபோனுக்குப் பயந்து வாழ்கிற குடும்பத்தில் பிறந்ததை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

என் வேலை மீன்களோடு. சமையலுக்கான மீன் இல்லை. சுண்டுவிரல் நீளம்கூட வராத, உடம்பில் நீலக் கோடு போட்ட மீன்கள். மரபணு ஆய்வுக்காகவே வளர்க்கிறோம். ஓர் உயிரின் எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. எது எங்கே எப்போது வாயைத் திறக்கிறது, எங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் கண் இமை ஆவதும் இதயம் ஆவதும் இருக்கிறது. அதைச் செத்த உடம்பில் பார்த்துப் பயனில்லை. உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும். இந்த மீனின் குஞ்சு முதல் சில நாட்கள் கண்ணாடி போல இருக்கும். தோலுக்கு உள்ளே ரத்தம் ஓடுவது தெரியும். ஜெல்லி மீனிடமிருந்து கடன் வாங்கி, துடிக்கும்போது ஒளிரும்படி மாற்றிய புரதம் ஒன்றை இதயத்தில் மட்டும் உண்டாகும்படி வைத்துவிட்டால், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் பச்சையாக ஒரு தடவை மினுங்கி அணையும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. மீன்கள் விடிந்ததும் முட்டையிடும். எங்கள் மீன் அறையில் விடிவது என்றால் விளக்கு எரிவது. காலை ஏழு மணிக்கு விளக்கு எரியும். முட்டை ஒற்றைச் செல்லாக இருக்கும் அந்த முக்கால் மணி நேரத்துக்குள் ஊசியால் மரபணுவை உள்ளே செலுத்த வேண்டும். பிளந்து இரண்டாகிவிட்டால் போயிற்று. நான் இருப்பதோ பிடோக்கில், ஆய்வுக்கூடம் தீவின் மறுகோடியில். முதல் ரயிலைப் பிடித்தால்தான் சரியாக இருக்கும். என் கணவருக்கும் விடியற்கால ஷிஃப்ட். பதினாறு வயது மகளை யார் எழுப்புவது?

அவளுக்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினேன். போன் அலாரத்தை அவள் தூக்கத்திலேயே அணைத்துவிடுவாள் என்பதால் நல்ல சத்தமாக அடிக்கும் கடிகாரமாகப் பார்த்து வாங்கினேன். மேலே இரண்டு உலோகக் கிண்ணம், நடுவில் சுத்தியல். அடித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

அம்மா வந்து தங்கிய நாட்களில் அந்தக் கடிகாரம் ஓடாது. பேட்டரி அரிசி டப்பாவில் கிடக்கும். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை, மகள் பரீட்சைக்குத் தாமதமாகப் போன அன்றைக்கு, நான் சிரிக்கவில்லை.

"உங்க பயத்தையெல்லாம் என் மக தலையில கட்டாதீங்கம்மா. நான் சயின்ஸ் படிச்சவ. மணி அடிச்சா யாரும் சாக மாட்டாங்க" என்றேன். பக்கத்திலேயே மகளும் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா பேட்டரியைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தின் பக்கம் போகவே இல்லை. இரண்டு வருடம் அது தினமும் ஆறேகால் மணிக்கு அடித்தது. அந்த நேரத்தில் நான் ரயிலில் இருப்பேன்.

இடையில் ஒரு நாள் பள்ளியில் தீ ஒத்திகை மணி அடித்தபோது மகள் மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் போயிருந்தாள், அதுதான் காரணம் என்று நானே முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து இரண்டு ரொட்டி அதிகமாக வைத்துவிட்டுப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் திடுக்கு என்று ஆரம்பித்துவிடுவார்.

இப்போது நான் சொல்ல வருவது போன வருடம் நடந்தது. எங்கள் குழுவுக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு மரபணு மாற்றம் வந்தது. இதயத்தில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றம் ஆபத்தானதா, ஒன்றும் செய்யாததா என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிப்பது மீன்களின் பொறுப்பு. யாருடைய ரத்தத்திலிருந்து எடுத்தது என்பது எங்களுக்குத் தெரியக் கூடாது. ஓர் எண் மட்டும் வரும். மீனின் சொந்த மரபணுவை அடக்கிவிட்டு, அந்த மனிதருடைய மரபணுவை எழுத்துப் பிசகோடு அப்படியே முட்டைக்குள் செலுத்தினேன். நூற்றுக்கணக்கான முட்டைகள். ஊசி குத்திக் குத்தி என் தோள் வலித்தது.

ஐந்தாம் நாள் குஞ்சுகளை இருட்டறைக்கு எடுத்துப்போனேன். பச்சை ஒளி அவ்வளவு மெல்லியது என்பதால் அந்த அறையில் நடுப்பகலிலும் கும்மிருட்டாக இருக்கும். மைக்ராஸ்கோப்பின் அடியில் குஞ்சு அசையாமல் கிடந்தது. மேல் அறை மினுங்கியது, கீழ் அறை மினுங்கியது. மேல், கீழ். மேல், கீழ். எல்லா மீனையும் போலத்தான். தட்டுக்கு அடியில் சின்னச் சுத்தியல் ஒன்றைப் பொருத்தியிருந்தோம். பொத்தானை அழுத்தினால் தட்டில் டொக் என்று அடிக்கும். அழுத்தினேன்.

மேல் அறை மினுங்கியது. கீழே இருட்டு. மறுபடி மேலே மினுங்கியது. கீழே இருட்டு. யாரோ உள்ளே ஒரு விளக்கை ஊதி அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு என்ன நினைத்ததோ, கீழ் அறை திரும்ப மினுங்கியது. இன்னொரு குஞ்சை வைத்தேன். டொக். அதே மாதிரி. எல்லாக் குஞ்சும் அப்படிச் செய்யவில்லை. சாதாரண மரபணு கொடுத்த குஞ்சுகளில் ஒன்றுகூட அப்படிச் செய்யவில்லை. சிலவற்றில் கீழ் அறை திரும்பி வரவே இல்லை.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். "பிடிச்சாச்சு!" என்று இருட்டில் தனியாகக் கத்தினேன். அந்த வாரம் முழுவதும் தட்டித் தட்டிப் படம் எடுத்தேன். வீட்டுக்குப் போய் மகளிடம் காணொளியைக் காட்டினேன். "பாவம் லா இந்த மீன்" என்றாள் அவள். தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டுதான் அதைப் பார்த்தாள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறு வாரக் கூட்டத்துக்கு அந்த மருத்துவமனையின் இதய மருத்துவர் வந்தார். நாற்பது வயதுச் சீனப் பெண்மணி, நிதானமானவர். பெயர் இல்லாமல், இடம் இல்லாமல், அந்த நோயாளியைப் பற்றிச் சில வரிகளைத் திரையில் காட்டினார். அறுபது தாண்டிய பெண். குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் தீ எச்சரிக்கை மணியைச் சோதித்தபோது மயக்கம். தங்கை இளம் வயதில் திடீர் மரணம். கடைசி வரியை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார். நோயாளி இதை எப்படிச் சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொள்வது தன் வழக்கம் என்றார். ஒரு சொல்லை மட்டும் கேட்டபடி ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். மீதியை யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

"டிடுக்கூ எங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது அல்ல."

ஏதோ சோஃபா வாங்குவதைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறதே என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மருத்துவரும் சிரித்தார். பிறகு அறையில் இருந்த ஒரே தமிழச்சியான என் பக்கம் திரும்பி, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார்.

"திடுக்கிடுவது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பொருத்தமானது அல்ல என்று எழுதியிருந்தது உண்மையில் ஆகாது என்ற சொல் என்று நான் சொல்லவில்லை. ஆகாது என்றால் என்ன என்றும் விளக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் அம்மா வந்து நின்று என் முதுகில் கை வைத்த மாதிரி இருந்தது. பின்னாலிருந்து பேசுவதற்கு முன் அவர் எப்போதும் அப்படித்தான் கை வைப்பார்.

கூட்டம் முடிந்ததும் நேராக இருட்டறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அன்றைய குஞ்சுகள் தட்டில் கிடந்தன. கண்ணை வைத்துப் பார்த்தேன். மேல், கீழ். மேல், கீழ். இந்த உடம்பு மீனுடையது, இந்தத் துடிப்பு அம்மாவுடையது. சித்தியுடையது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தால் மகளுக்கும் அதே கணக்கு. பள்ளித் தீ ஒத்திகை ஞாபகம் வந்தது. அந்த வாரம் முழுக்க நான் டொக் டொக் என்று தட்டி அணைத்துப் பார்த்தது யாருடைய விளக்கு?

ஐந்தாம் நாள் முடிவதற்குள் குஞ்சுகளை ஐஸ் தண்ணீரில் போட்டு முடித்துவிட வேண்டும் என்பது விதி. இத்தனை வருடங்களில் எத்தனை ஆயிரம் முடித்திருப்பேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை. தலைவலி என்று சொல்லிச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மீன் அறையைக் கடக்கும்போது யாரோ கதவைப் பட்டென்று சாத்தினார்கள். அலமாரி முழுவதும் இருந்த தொட்டிகளில் அத்தனை மீன்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் போட்டேன்.

"அம்மா! நாளைக்கு எனக்கு டெஸ்ட் இருக்கு. எப்படி எழுந்திரிப்பேன்?" என்றாள் மகள்.

"நான் எழுப்புறேன்."

"உங்க மீன்?"

"மீன் கிடக்கட்டும்."

மறுநாள் குழுத் தலைவரிடம் போய், அந்த எண்ணுக்கு உரியவர் என் உறவினராக இருக்கக்கூடும், என்னை இந்த ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே என்னை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தேக்கா சந்தையில் சந்தித்தேன். மாதம் ஒரு தடவை பூவும் வெற்றிலையும் வாங்க அங்கே வருவார். சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்ன், பாட்டு, கூவல். அம்மா இரண்டு காதிலும் பஞ்சை வைத்து, அதற்கு மேல் முந்தானையைச் சுற்றியிருந்தார். உணவங்காடியில் எப்போதும் போல ஒரு தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். இரண்டு கோப்பி வாங்கி வந்தேன். எப்படித் தொடங்குவது என்று புரியவில்லை. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

அம்மா பஞ்சை எடுத்தார். "போனேன்."

"மயக்கம் போட்டு விழுந்தீங்களாம்."

"ம்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா? வெயில்ல நின்னிருப்பீங்க, சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு சொல்லியிருப்பே."

அம்மா கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கரண்டி கோப்பையில் படாமல் கலக்குவது அவருக்கு மட்டும் தெரிந்த வித்தை.

"ரத்தம் எடுத்தாங்க. நம்ம தமிழ்ப் பொண்ணு ஒண்ணு ஃபாரத்தைப் படிச்சுக் காட்டுச்சு. ஆன்ட்டி, உங்க ரத்தத்துல இருக்கிறத மீனுக்குப் போட்டுப் பார்ப்பாங்க, ஓக்கேவான்னு கேட்டுச்சு. எந்த மீனும்மான்னு கேட்டேன். சின்ன மீனு, கோடு போட்டிருக்கும்னுச்சு." அம்மா என்னைப் பார்த்தார். "என் மக வளக்குற மீனுதான்னு நெனச்சேன். உடனே கையெழுத்துப் போட்டேன்."

"அது எங்ககிட்டதான் வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது லா. இந்த ஊர்ல எத்தனை பேரு மீனுக்கு ஊசி போடப் போறாங்க? நான் சொன்னா நீ கேக்க மாட்டே. மீனு சொன்னா கேப்பேல்ல."

அவர் என்னைக் குத்திக்காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. கத்திரிக்காய் என்ன விலை என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். நான் அழுதேன். அம்மா என் முதுகில் கை வைத்துவிட்டு, பிறகு, "புள்ளைய கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றார்.

காட்டினோம். நானும் மகளும் ரத்தம் கொடுத்தோம். முடிவு வர வாரங்கள் ஆயின. அதுவரை என் வீட்டில் மிக்சிகூட ஓடவில்லை. மடலில் இருவருக்கும் ஒரே வரி இருந்தது. எனக்கும் இருக்கிறது, அவளுக்கும் இருக்கிறது. எனக்கு நாற்பத்தாறு வருடமாக ஒன்றும் தெரியவில்லை. ஒரே மரபணு ஓர் உடம்பில் வாயை மூடிக்கொண்டிருக்கும், இன்னொன்றில் கத்தும். ஏன் என்று எங்கள் துறையில் இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. தினமும் மாத்திரை போட்டால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை என்று அந்தச் சீன மருத்துவர் சொன்னார். என்னைக் கூட்டத்தில் பார்த்தது அவருக்கு நினைவிருந்தது. மகளிடம் திரும்பி, இதற்கு முன் மயக்கம் வந்ததுண்டா என்று கேட்டார்.

"ஒரு தடவை. ஸ்கூல் ஃபயர் டிரில்ல" என்றாள்.

"வேறு எப்போதாவது?"

மகள் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, மருத்துவருக்குப் புரியாத தமிழில் சொன்னாள்.

"அம்மா, அந்த கிளாக் அடிக்கும்ல? அடிச்ச உடனே கொஞ்ச நேரம் எனக்கு எல்லாமே கறுப்பாயிடும். சத்தமும் கேக்காது. அப்புறம் திரும்ப வரும். அப்பதான் கை நீட்டி ஆஃப் பண்ணுவேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். எழுந்திரிக்கிறதுன்னா அதான்னு நெனச்சேன்."

"தினமுமா?" என்றேன்.

"தினமும் இல்ல லா. அடிக்கடி."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மொழிபெயர்த்தேன்.

இப்போது விடியற்கால முட்டை வேலையை இன்னொருவர் பார்க்கிறார். எனக்குப் பகல் வேலை கொடுத்துவிட்டார்கள். ஆறேகால் மணிக்கு மகளின் அறைக்குப் போகிறேன். விளக்கைப் போடுவதில்லை. கால்மாட்டில் நின்று கட்டைவிரலைத் தேடிப் பிடிக்கிறேன். சில நாள் அது ஜில்லென்று இருக்கும். அமுக்குகிறேன். அமுக்கியதற்கும் அவள் அசைவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு அந்த இருட்டறைதான் தெரிகிறது. மேல் அறை மினுங்கிவிட்டது. கீழ் அறைக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அவள் காலை இழுத்துக்கொள்கிறாள்.